மூன்றாம் போத்தல் தண்ணீர்

என் தொழில் தண்ணீரை நிறுப்பது. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சுவிஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில், பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பல ஊர்களிலிருந்து போத்தல்களில் தண்ணீர் வரும். பொறிக்குள் விட்டு, அதில் பாரமான அணு எவ்வளவு, இலேசான அணு எவ்வளவு என்று பார்த்துக் கொடுப்பேன். அந்த விகிதத்தை வைத்து, இந்தத் தண்ணீர் எங்கே மழையாக விழுந்தது, எங்கே தேங்கி வெயில் காய்ந்தது, இதில் கலந்த நஞ்சு எந்த வழியாக வந்தது என்றெல்லாம் சொல்லலாம். சொல்கிறவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், நான் பொறி ஓட்டுகிறவள். ஆனால் பொறி என் பேச்சைத்தான் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கப் போவதில்லை.

போன வருடம் பெரம்பலூரிலிருந்து ஆறு போத்தல் வந்தது. அனுப்பியவள் ரேவதி, அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் படிப்பிக்கிறவள். வேப்பந்தட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே குடிதண்ணீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணற்றில் மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லி இருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஊராட்சி கிணற்றைப் பூட்டிவிட்டது. கிணற்றை ஒட்டியிருக்கும் நிலத்தில் செல்வராணி என்ற பெண் குத்தகைக்குப் பயிர் வைக்கிறாள். அவள் அடித்த மருந்துதான் கீழே இறங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நிலத்துக்காரர் குத்தகையைத் திருப்பி வாங்கப் போகிறார். மருந்து உண்மையிலேயே அந்த நிலத்திலிருந்துதான் வந்ததா என்று உங்கள் பொறி சொல்லுமா? இதுதான் ரேவதியின் கேள்வி.

மூன்றாம் போத்தல்தான் அந்தக் கிணற்றுத் தண்ணீர், மற்றவை அக்கம்பக்கத்து ஊர்க் கிணறுகள். பொறியில் விட்டேன். களைக்கொல்லி மருந்துக்கும் இல்லை. அது போதாதென்று, தண்ணீரின் விகிதமும் மற்ற ஐந்து போத்தலோடு ஒட்டவில்லை. அது பெரம்பலூர் மண்ணில் விழுந்த மழையே இல்லை. எங்கோ மேற்கே உயர்ந்த மலையில் விழுந்த மழை.

என் மேலதிகாரி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போத்தலை மாற்றி வைத்துவிட்டாயா?" என்று ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரு போத்தலை மாற்றி வைத்தவள் இல்லை நான். இன்னும் மூன்று தரம் ஓட்டினேன். மூன்று தரமும் அதே மலை. "அப்படியானால் நீயே போய் எடுத்து வா. உனக்கு அவர்கள் மொழி தெரியும்" என்றாள். அவளுக்கு எல்லாத் தமிழும் ஒரே தமிழ்.

பெரம்பலூர் வந்து இறங்கிய முதல் நாளே அது அப்படியில்லை என்று தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, "பால் விடாமல் ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேரளாவாங்க?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"அட, சிலோனா. குந்துங்க, குந்துங்க." அதன் பிறகு கேட்காமலே இரண்டு தரம் சட்னி வந்தது. கொத்துப் பரோட்டா கேட்டேன். எங்கள் கொத்துரொட்டியின் ஒன்றுவிட்ட தங்கைதானே என்று நினைத்தேன். "முட்ட போடலாங்களா? பொரட்டாசி மாசம், அதான் கேட்டுக்கறேன்" என்றார். போடலாம் என்றேன். பக்கத்து மேசைக்காரர் தன் இலையை ஒரு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டார். கொத்து நன்றாகவே இருந்தது, சின்ன வெங்காயம் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். வெங்காயத்தில் எங்கள் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ரேவதி ஸ்கூட்டரில் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி, வேகமான பேச்சு. வந்ததும் வராததுமாக, "மேடம், என் டெஸ்ட்டு தப்பில்ல. சத்தியமா தப்பில்ல" என்றாள். எங்கள் முடிவு 'சுத்தம்' என்று போனதும் ஊரில் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் சும்மா கிளப்பிவிட்டாங்க என்று பேச்சு. ஆனால் செல்வராணி மேல் சொன்ன பழியை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரன் சொன்னதை நம்பிக் கிணற்றைத் திறக்கவும் ஆள் இல்லை. அடுத்த மாத ஊர்க்கூட்டத்தில் குத்தகை பற்றிக் கடைசி முடிவு. "என் மெசினும் பிழையில்லை" என்றேன். இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் தங்கள் வேலையில் பிழையில்லை. தேத்தண்ணீர் இன்னொன்று குடித்தோம்.

இரண்டாம் நாள் காலையில் கிராமத்துக்குப் போனோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. வேப்பந்தட்டை தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் முழங்கால் உயர மக்காச்சோளம், மேற்கே பச்சைமலை. ரேவதி ஸ்கூட்டர் ஓட்டுவது களைக்கொல்லியைவிட ஆபத்து. பின்னால் நான், என் மடியில் போத்தல் பெட்டி, அதற்கு மேல் என் தாடை. "இவ்வளவு சோளத்தையும் ஆர் சாப்பிடுறது?" என்று காற்றில் கத்திக் கேட்டேன். "நாங்க திங்கறதில்ல மேடம். எல்லாம் கோழித் தீவனத்துக்குப் போவுது" என்றாள். சுவிஸில் மாடு தின்கிறது, இங்கே கோழி.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கலியபெருமாள் காத்திருந்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் தெருவுக்குத் திறந்துவிடும் ஆபரேட்டர் அவர். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, வெள்ளை வேட்டி, எனக்காகச் சவரம் செய்த முகம்.

"நீங்கதான் அந்த மெசின் மேடமா? போன தடவ தண்ணி புடிச்சிக் குடுத்தது நாந்தாங்க." உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "குடிச்சிப் பாருங்க. கல்கண்டு மாதிரி இருக்கும். ஒங்க நாட்டுக்கு அனுப்புனதும் இதாங்க."

நான் குடித்தேன். உண்மையிலேயே இனித்தது. ரேவதிதான் முதலில் சுதாரித்தாள்.

"என்னாண்ணே சொல்றீங்க? மூணாம் நம்பர் பாட்டில்ல போர் தண்ணிதானே புடிக்கச் சொல்லிட்டு நான் காலேஜுக்குப் போனேன்?"

"அது உப்புத் தண்ணி டீச்சர். பூட்டிப் போட்ட தண்ணி வேற. வெளிநாட்டுக்காரங்க ஒரு வாய் குடிச்சிப் பார்த்தா, இந்த ஊருத் தண்ணி இப்புடியான்னு நெனைக்க மாட்டாங்களா? ஊரு மானம் என்னாவறது? அதான் கொள்ளிடத்துத் தண்ணி வர்ற அன்னிக்குப் பார்த்து, குழாயில நல்ல தண்ணியாப் புடிச்சேன். பாட்டில நாலு தடவ வெளக்கிட்டுத்தான் புடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்றால் கண்ணில் நீர் வரும்படி. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ விதமாகப் போத்தல்கள் கெட்டுப் பார்த்திருக்கிறேன். மூடி கழன்று, வெயிலில் கொதித்து, விமானத்தில் உறைந்து. மரியாதையால் கெட்ட போத்தலை அன்றுதான் பார்த்தேன். விருந்தாளிக்குக் கெட்ட தண்ணீர் கொடுக்க மனம் வராத ஒரு மனிதர், ஆராய்ச்சியை ஆற்றோடு அனுப்பிவிட்டார். ரேவதி சிரிக்கவில்லை. ஒரு வருட அவமானம் அவளுக்கு. தொட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேனா மேடம்?" கலியபெருமாளின் குரல் இறங்கிவிட்டது.

"பிழைதான் ஐயா, இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா இது இந்த மண்ணில விழுந்த மழை இல்லை, மேற்கு மலையில விழுந்து வந்த தண்ணி எண்டு எங்கட பொறி அப்பவே சொல்லிப்போட்டுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குடகு மலைத் தண்ணின்னு சொல்லிச்சா? ஒரு பாட்டில வெச்சிக்கிட்டு?" பிறகு அங்கு வந்து போன ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னார். தான் ஏமாற்றியதையும், தன்னை ஒரு மெசின் கண்டுபிடித்ததையும் ஒரே பெருமையோடு சொன்ன மனிதரை நான் வேறெங்கும் காணவில்லை. நான் மேலதிகாரிக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினேன்: போத்தல் மாறவில்லை, தண்ணீர் மாறியிருக்கிறது. "மன்னித்துக்கொள். இந்த முறை நீயே நிரப்பு" என்று பதில் வந்தது. அந்த முதல் சொல்லை இரண்டு தரம் படித்தேன்.

பூட்டைத் திறந்து மோட்டாரைப் போட்டார். குழாயில் தேங்கிக் கிடந்தது முழுக்கப் போக வேண்டும், அரை மணி நேரமாவது ஓட வேண்டும் என்றேன். அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் செல்வராணி வந்தாள். நாற்பதுக்குக் கிட்ட வயது, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"எங்காட்டுத் தண்ணியையும் புடிங்க."

அங்கே மேட்டு நிலத்தைக் காடு என்கிறார்கள். அவள் காட்டுக்குள் சின்னக் குழாய்க் கிணறு ஒன்று இருந்தது, மழை பொய்த்துப் பயிர் வாடும்போது உயிர்த் தண்ணீர் விடுவதற்கு. அதிலும் பிடித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போத்தலை மூன்று தரம் அதே தண்ணீரில் அலசுவதை, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடுவதை, பெயர் எழுதுவதை.

"எங்கம்மா இந்தக் காட்டுல கூலிக்குக் களையெடுத்தவங்க மேடம். அதே காட்ட நான் குத்தகைக்கு எடுத்து அஞ்சு வருசமாச்சு. பக்கத்துக் காட்டவிட எங்காட்டுல நாலு மூட்ட கூடத்தான் எறங்கும். வந்து பார்க்கறவங்க யாரு காடுன்னு கேட்பாங்க. செல்வராணி காடும்பாங்க. தங்கராசு அய்யா காடுன்னு சொல்ல மாட்டாங்க."

"அவர் திருப்பி வாங்கினா?"

"மறுபடி கூலிதான். அதுகூடப் பரவால்ல. ஊருக் குடிதண்ணியக் கெடுத்தவன்னு பேரு நிக்குமே." அவள் அழவில்லை. சொல்லிவிட்டுப் போய் வரப்பில் நின்றுகொண்டாள்.

அரைமணி முடிந்து கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். அங்கிருந்து முப்பது நாற்பது எட்டில் புறம்போக்கில் ஒரு பழைய திறந்த கிணறு. யாரும் குடிப்பதில்லை. காட்டில் மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள் முதுகுத் தொட்டியை அங்கே இறக்குகிறார்கள், வாளியால் தண்ணீர் சேந்துகிறார்கள், தொட்டியைக் குலுக்கிக் கழுவுகிறார்கள், கழுவிய தண்ணீரை உள்ளேயே ஊற்றுகிறார்கள். நான் நின்ற நேரத்துக்குள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் நிலத்துக்காரர் தங்கராசு. குத்தகைக்கு விட்ட காட்டுக்கு அடுத்த காட்டில் அறுபது வயதிலும் தானே தொட்டி சுமக்கிறவர், மரியாதையானவர். ஏன் இங்கே கழுவுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்கம்மா கழுவறது? வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா புள்ளைங்க இருக்கு. ஓடையில கழுவுனா ஆடு மாடு குடிச்சிரும். இதுல யாரும் வாய் வெக்கறதில்ல. அதான் ஊருல எல்லாரும் பேசி, கழுவறதுன்னா இங்கதான்னு வெச்சிக்கிட்டோம்."

யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று பொறுப்பாக யோசித்து எடுத்த முடிவு. ரேவதி என்னைப் பார்த்தாள். பொறி பேசுவதற்கு முன் நான் பேசுவதில்லை. ஆனால் கலியபெருமாளிடம் வாளியை வாங்கி அந்தக் கிணற்றிலும் பிடித்தேன். "இனிமே இங்க கழுவாதீங்கய்யா" என்று ரேவதி மட்டும் சொன்னாள். "மொதல்ல எந்தக் காட்டுலேருந்து வருதுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் தங்கராசு, கோபமில்லாமல்.

அன்று பின்னேரம் முழுவதும் ரேவதியின் கல்லூரியில். மூன்று கிணற்றிலிருந்தும் ஆட்டோவில் ஏற்றி வந்த தண்ணீரைக் குடம் குடமாக ஒரு விரல் தடிமனான குழலுக்குள் வடித்து, மருந்தை மட்டும் அந்தக் குழலில் பிடித்துக்கொள்வது. இரண்டு பேரும் நின்றே சாப்பிட்டோம். தயிர்ச் சோறும் மாவடுவும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, அரியலூர் வழியாகக் கொள்ளிடக் கரைக்கு. ஆற்றுத் தண்ணீரும் எனக்கு வேண்டும். முதல் தரம் போனது குழாய்த் தண்ணீர்தான் என்று தாளில் காட்டாவிட்டால், செல்வராணிக்காக நாங்கள் போத்தலை மாற்றிவிட்டோம் என்று நாளைக்கு ஒருவன் சொல்லுவான். தண்ணீரை ஐஸில் வைத்துக் கொண்டுபோக ஒரு தெர்மோகோல் பெட்டி தேவைப்பட்டது. ரேவதி மீன் கடையில் வாங்கி வந்தாள். கழுவித்தான் வந்தாள். ஆனால் மீன் பெட்டி மீன் பெட்டிதான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ். புரட்டாசிச் சனி, பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம், நெற்றி நிறைய நாமம். பெட்டியை என் காலடியில் வைத்தேன். இரண்டு நிறுத்தம் போவதற்குள் என்னைச் சுற்றி இடம் தாராளமாகிவிட்டது. ஒரு அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "சனிக்கெழமையும் அதுவுமா மீன் ஏத்திக்கிட்டு வருது பாரு. நாக்கு கேக்குது போல."

கண்டக்டர் வந்தார். "என்னம்மா, மீனா?"

"தண்ணி" என்றேன்.

"தண்ணிக்கு ஐஸ் பொட்டியா?"

திறந்து காட்டினேன். காலிப் போத்தல்கள், ஐஸ். கொள்ளிடத்தில் தண்ணீர் பிடிக்கப் போகிறோம், சுவிஸுக்குக் கொண்டுபோக, என்று ரேவதி விளக்கினாள். பஸ் முழுக்கப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு மூக்கைப் பொத்திய அதே அம்மா கேட்டாள்: "ஏம்மா, ஒங்கூர்ல தண்ணி இல்லியா?" அவள் குரலில் அவ்வளவு இரக்கம். பனிமலையும் ஏரியுமாகக் கிடக்கிற நாட்டைப் பற்றி என்ன சொல்ல? "இருக்குது அம்மா, ஆனா இந்தத் தண்ணி மாதிரி இல்லை" என்றேன். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து வறுத்த முந்திரி எடுத்து என் கையில் கொட்டினாள், உடையார்பாளையத்தில் சொந்தத் தோப்பாம். கடையில் வாங்கும் முந்திரிக்கு அப்படி ஒரு மணம் இருந்து நான் பார்த்ததில்லை.

அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பஞ்சர். ரெட்டிபாளையம் பக்கம் போகிற சிமெண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் மேல் மாவாகப் புழுதி பூசிக்கொண்டு போயின. வெயில் தாங்கவில்லை. ஐஸ் கரையத் தொடங்கியது. ரேவதி சொன்னாள், ஆற்றுத் தண்ணீருக்கு ஐஸ் இல்லாவிட்டாலும் பாதகமில்லையே என்று. அறிவியல்படி அவள் சொன்னது சரி. ஆனால் மற்றப் போத்தலுக்குச் செய்ததை இந்தப் போத்தலுக்கும் செய்தால்தான் எனக்கு நித்திரை வரும். சாலையோரம் நன்னாரி சர்பத் விற்கிறவரிடம் போய் ஐஸ் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கடப்பாரையால் தன் ஐஸ் கட்டியில் பாதியைப் பிளந்து பெட்டியில் வைத்தார். மீதிப் பாதியில் எங்களுக்கு இரண்டு சர்பத் போட்டார். "ஊருத் தண்ணிக்குத்தானே கேக்கறீங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கொள்ளிடத்தில் மணல்தான் பாதி. நடுவில் ஒரு பக்கமாகத் தண்ணீர் ஓடியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவுக்கு இறங்கினேன். ஒரு வருடத்துக்கு முன் திரையில் வெறும் இலக்கமாகப் பார்த்த தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது. எனக்கு ஆற்றில் கால் வைப்பதே புதிது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறுவதுதான் எங்களுக்கு எல்லாம். போத்தலை மூன்று தரம் அலசி நிரப்பினேன். கரையில் நின்று ரேவதி படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். இப்போது என் அறைச் சுவரில் இருக்கிறது.

நாலாம் நாள் செல்வராணி வீட்டில் சாப்பாடு. கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயமும் கருவாடும் போட்ட குழம்பு. "நாங்க பொரட்டாசி பார்க்கறதில்லக்கா" என்றாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டதே என்று இன்னும் ஒரு கரண்டி வாங்கினேன். அவள் அடித்த களைமருந்துக் குப்பியில் மிச்சம் இருந்ததில் ஒரு சொட்டு எனக்குத் தேவை. ஊர் முழுக்க ஒரே கடையில் அதே மருந்தைத்தான் வாங்குகிறார்கள், அது எங்களுக்கு வசதி. சாப்பிட்டு முடிந்து டீயோடு ஒரு தட்டில் மிக்சர் வைத்தாள். இதை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள்.

"இந்தத் தட்டைப் பிள்ளையளுக்கு நடுவில வைச்சா முதல்ல என்ன காணாமப் போகும்?"

"முந்திரிப் பருப்பு. அப்பறம் கடல."

"மண்ணுக்குள்ள இருக்கிற கிருமியளும் அப்பிடித்தான். மருந்தில இருக்கிற கரியில இலேசானதும் இருக்கு, பாரமானதும் இருக்கு. கிருமி இலேசானதை முதல்ல தின்னும். பாரமானது மிஞ்சும். மண்ணுக்குள்ளால மெல்ல மெல்ல இறங்கின மருந்தெண்டா அந்த விகிதம் மாறியிருக்கும்."

அவள் ஓமப்பொடியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "அப்ப எங்காட்டு மண்ணு வழியா எறங்கியிருந்தா, தட்டுல கைவெச்ச அடையாளம் தெரியும்."

"ஓம்."

"மண்ணுல படாம நேரா தண்ணிக்குள்ள வந்துருந்தா தட்டு அப்புடியே இருக்கும்."

"ஓம். குப்பியில இருக்கிற மாதிரியே இருக்கும்."

இதை நான் பட்டம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அரை நாள் சொல்லியிருக்கிறேன். இவளுக்கு ஒரு டீ ஆறுவதற்குள் விளங்கிவிட்டது. ஒதுக்கிய ஓமப்பொடியைத் திரும்பத் தட்டோடு சேர்த்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கு எதிராச் சொன்னாலும் அப்புடியே எழுதுவீங்களா?"

"எழுதுவன்."

"அப்பச் சரிக்கா." குப்பியை எடுத்து வந்து கொடுத்தாள்.

அன்று மாலையே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் இருந்துகொண்டு அவள் மண்ணில் கைபட்ட அடையாளம் இருக்கக்கூடாது என்று வேண்டினேன், பிறகு எந்த அடையாளத்துக்கு வேண்டுவது என்று எனக்கே குழம்பியது. அவள் காட்டுத் தண்ணீரில் அடையாளம் இருக்க வேண்டும், குடிதண்ணீரில் இருக்கக்கூடாது. சுவிஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே வேலைக்கு இறங்கினேன். கொள்ளிடத்துப் போத்தலும் போன வருடத்து மூன்றாம் போத்தலும் அச்சொட்டாக ஒரே மலை. மருந்துக்குத்தான் நாள் எடுத்தது. ஒவ்வொன்றையும் ஐந்து தரம் ஓட்டினேன். மேலதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கோடு திரையில் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அந்த நேரம் எனக்கு இருந்த பெருமை, பிள்ளை பெற்றபோதுகூட இருந்ததா தெரியவில்லை.

ஊர்க்கூட்டம் அங்கே பிற்பகல், எனக்குக் காலை. ரேவதி தன் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். திரையில் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்த ஊர் முழுவதும் தெரிந்தது. கலியபெருமாள் மைக்கை போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு முடிவை என் வாயால், என் மொழியில் நான் சொன்னது அதுதான் முதல் தரம். முதல் நாளே எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

செல்வராணி காட்டுக் கிணற்றில் மருந்து மிகக் கொஞ்சம், அதுவும் மண் தின்று தீர்த்த மிச்சம், விகிதம் நன்றாக மாறியிருக்கிறது. அவள் காட்டு மண் தன் வேலையைச் செய்திருக்கிறது. குடிதண்ணீர்க் கிணற்றில் இருப்பது அப்படியில்லை. குப்பியில் இருந்தது இருந்தபடி, மண்ணையே தொடாமல் வந்தது. பழைய திறந்த கிணற்றில் இருப்பதும் அதே. இன்னொன்று, தண்ணீரையும் பார்த்தோம். வெயில் இலேசான தண்ணீரைத்தான் முதலில் கொண்டுபோகும், அப்படி வெயில் காய்ந்து பாரமான தண்ணீர் பழைய கிணற்றில் நிற்கிறது. அதே பாரத் தண்ணீர் குடிதண்ணீரிலும் கலந்திருக்கிறது. பழைய கிணற்றிலிருந்து பாறை வெடிப்பு வழியாகக் குடிதண்ணீருக்கு நேராக வழி இருக்கிறது. மருந்து வந்தது அந்த வழியாக.

சொல்லி முடித்தேன். முதலில் வந்தது தங்கராசுவின் குரல்: "அப்ப, டேங்க் கழுவுனதுதானா?"

"ஓம் ஐயா."

ஒருவர் தலையும் நிமிரவில்லை. புள்ளைங்களுக்கு ஆகாது, மாட்டுக்கு ஆகாது என்று பார்த்துப் பார்த்து ஊற்றியதைத் தங்கள் குடத்திலேயே ஊற்றியிருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒருத்தர், "எல்லாரையும் சொல்றாப்ல இருக்கே, நான் ரெண்டு தடவதான் கழுவியிருப்பேன்" என்றார். இன்னொருவர், தான் ஆள் வைத்துத்தான் மருந்தடிப்பதாகச் சொன்னார். பேச்சு அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கியது. யார் அதிகம், யார் குறைவு என்று.

செல்வராணி எழுந்து நின்றாள். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. ஒரு வருடம் பழி சுமந்தவள்.

"யக்கா, கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

"எங்காடு சுத்தம்னு காயிதத்துல எழுதிருங்க. பெருசா எழுதுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நானும் அந்தக் கெணத்துலதாங்க்கா டேங்க் கழுவுனேன். அஞ்சு வருசமா. யாரும் கேக்கல, நானும் சொல்லல. கழுவுனவங்க பேரு எழுதறதா இருந்தா மொதப் பேரு என்னுது எழுதுங்க."

என் கையில் பேனை இருந்தது. எழுதினேன். ரேவதி மூக்கை உறிஞ்சுவது மைக்கில் ஊருக்கே கேட்டது.

தங்கராசு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். காடு, குத்தகை என்று ஏதாவது சொல்லுவார் என்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் செல்வராணியைப் பார்த்துக்கொண்டே போன் பக்கம் குனிந்தார்.

"ரெண்டாவது என் பேர எழுதிக்கம்மா. தங்கராசு. செல்வராணி காட்டுக்குப் பக்கத்துக் காடு."